விசில் ஊதும் முன் கோப்பைப் புரட்டுங்கள்

2025 மே 7 அன்று நாடெங்கும் சிவில் பாதுகாப்பு ஒத்திகை நடந்தது. தமிழ்நாட்டில் சென்னைத் துறைமுகத்திலும் கல்பாக்கத்திலும் சைரன் ஒலித்தது. அடுத்த மாதமே, ஒன்றாம் வகுப்பிலிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு அடிப்படை ராணுவப் பயிற்சி தரப்போவதாக மகாராஷ்டிரப் பள்ளிக் கல்வி அமைச்சர் அறிவித்தார். முன்னாள் படைவீரர்களைக் கொண்டு சொல்லிக் கொடுப்பார்களாம். ‘நம்ம ஊரிலும் கொண்டுவந்தால் பிள்ளைகள் உருப்படும்’ என்ற பேச்சு சென்னையின் மேற்குப் புறநகரான எங்கள் வானகரத்தின் டீக்கடை வரை வந்துவிட்டது. வரவேண்டிய பேச்சுதான். ஆனால், இது புதிய யோசனை இல்லை. 60 ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு போரின் சூட்டோடு இதே நாடு இதைச் செய்து பார்த்தது. ஐந்தே ஆண்டில் கைவிட்டது. ஏன் தொடங்கினோம், எங்கே சறுக்கினோம் என்பதற்கான விடைகள் அரசுக் கோப்புகளில் கட்டிவைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைப் புரட்டிப் பார்க்காமல் மறுபடி விசில் ஊதப் போகிறோமா என்பதே கேள்வி.

போர் வரும்போதெல்லாம்

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். முதல் உலகப்போர் நடந்த 1917-ல் இந்தியப் பல்கலைக்கழகங்களில் மாணவர் படைப்பிரிவு தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரின் நடுவே, 1942-ல், அது அதிகாரிகள் பயிற்சிப் படையாக மாற்றப்பட்டது. விடுதலைக்கு முந்தைய ஆண்டில் எச்.என்.குன்ஸ்ரு தலைமையில் ஒரு குழு அமைந்தது. அதன் பரிந்துரையின் பேரில் 1948-ல் சட்டம் இயற்றி என்.சி.சி. எனும் தேசிய மாணவர் படை உருவானது.

1962 அக்டோபர் 20 அன்று சீனப் படைகள் எல்லை தாண்டின. 26-ம் தேதி நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டே, உடல்தகுதியுள்ள கல்லூரி மாணவர்களுக்கு என்.சி.சி. கட்டாயமாக்கப்பட்டது. அதுவரை விருப்பம் உள்ளவர்கள் மட்டும் காக்கி உடுத்திய மைதானத்தில், திடீரென்று மொத்தக் கல்லூரியும் வரிசையில் நின்றது. அணிவகுப்புக்கு வராவிட்டால் வருகைப் பதிவில் கை வைப்பார்கள் என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

கல்லூரிக்கு இது என்றால், பள்ளிகளில் அதற்குள் பல திட்டங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்த ஜெனரல் ஜே.கே.போன்ஸ்லே, 1954-ல் டெல்லியில் அகதிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்காகத் தேசிய ஒழுங்குத் திட்டத்தைத் தொடங்கியிருந்தார். 1959-60-ல் மத்தியக் கல்வி அமைச்சகம், தேசிய உடல்திறன் இயக்கம் என்ற பெயரில் ஓட்டம், தாண்டுதல், எறிதல் எனச் சோதனைகள் வைத்து நட்சத்திரப் பேட்ஜ் கொடுத்தது. பெரியவர்களுக்கு நினைவிருக்கும் ஏ.சி.சி. எனும் துணை மாணவர் படை இன்னொரு பக்கம். இத்தனையையும் ஒழுங்குபடுத்த மறுபடியும் அதே குன்ஸ்ரு தலைமையில் குழு. அதன் யோசனைப்படி 1965-வாக்கில் பிறந்தது தேசிய உடல்தகுதிப் படை. அதன் பயிற்றுநர்கள் பின்னாளில் மாநிலங்களிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். படையின் பெயர் மறைந்தது.

1968 ஜனவரி 10 அன்று நெருக்கடி நிலை விலக்கிக்கொள்ளப்பட்டது. அதே ஆண்டில் என்.சி.சி.யின் கட்டாயமும் போனது. மறு ஆண்டு, காந்தி நூற்றாண்டையொட்டி நாட்டு நலப்பணித் திட்டம் வந்தது. மாணவரின் உடம்பு அரசின் நினைவில் இருந்தது, போர் அரசின் நினைவில் இருந்தவரைக்கும்தான்.

தமிழ்நாடு படித்த பாடம்

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கென்று தனி அத்தியாயம் உண்டு. என்.சி.சி. கட்டளைகள் இந்தியில் இருந்தன. 1965 ஜனவரி, பிப்ரவரியில் இந்தித் திணிப்புக்கு எதிராகத் தெருவுக்கு வந்தவர்களும், கட்டாயப் பயிற்சிக்கு வரிசையில் நிறுத்தப்பட்டவர்களும் ஒரே தலைமுறைக் கல்லூரி மாணவர்கள். அண்ணா முதல்வரான பிறகு, 1968 ஜனவரி 23 அன்று சட்டப்பேரவையில் நிறைவேறிய தீர்மானம் இருமொழிக் கொள்கையை அறிவித்தது. என்.சி.சி.யில் இந்தி ஆணைச்சொற்கள் கூடாது என்பதும் அந்தத் தீர்மானத்தில் இருந்தது.

ஒரு பயிற்சித் திட்டம், அதை ஏற்க வேண்டிய பிள்ளையின் மனதையும் மாநிலத்தின் உணர்வையும் கேட்காமல் டெல்லியிலிருந்து இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. தீர்மானம் அனைவருக்கும் தெரியும். அதற்கு முந்தைய ஐந்தாண்டில் ஒவ்வொரு கல்லூரியும் என்ன அனுபவித்தது, எத்தனை பேருக்குச் சீருடை கிடைத்தது, எத்தனை பேருக்கு ஒரு பயிற்றுநர், எத்தனை மாணவர்கள் மருத்துவச் சோதனையில் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்பதெல்லாம் தீர்மானத்தில் இருக்காது. கோப்பில்தான் இருக்கும்.

ஒரு கோப்பின் ஆயுள்

இந்தக் கோப்புகள் எங்கே இருக்கின்றன? ஓரிடத்தில் இல்லை என்பதுதான் முதல் சிக்கல். என்.சி.சி. என்பது மத்திய, மாநில அரசுகள் செலவைப் பகிர்ந்துகொள்ளும் அமைப்பு. பாதுகாப்பு அமைச்சகத்தின் தாள்கள் டெல்லியில். மாநிலக் கல்வித் துறையின் அரசாணைகள் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில். படைப்பிரிவு அலுவலகங்களின் பதிவேடுகள் அந்தந்த ஊரில். மாணவர் பெயர்ப்பட்டியலும் மருத்துவச் சோதனைக் குறிப்பும் கல்லூரி அலுவலகத்தில் அல்லது அதன் பரணில்.

அரசு அலுவலகத்தில் ஒரு கோப்பு முடியும்போது, அதன் மேல் இரண்டெழுத்து எழுதுவார்கள். நி.மு. என்றால் நிரந்தரமாக வைக்க வேண்டியது. ப.மு. என்றால் பத்தாண்டு. மூ.மு. என்றால் மூன்றாண்டு. ஓ.மு. என்றால் ஓராண்டில் கழித்துவிடலாம். கோப்பின் தலையெழுத்து அந்த இரண்டு எழுத்துதான். நிலம், பணிமூப்பு, நீதிமன்ற வழக்கு என்றால் எழுத்தர் யோசிப்பார். பின்னாளில் யாராவது கேட்டு வருவார்கள் என்று தெரியும். ஒரு பள்ளியில் எத்தனை பையன்கள் நூறு மீட்டரை எத்தனை நொடியில் ஓடினார்கள், எத்தனை பேர் எடை குறைவு என்ற அறிக்கையை நிரந்தரம் என்று எழுத யாருக்கும் கை வராது. சில ஆண்டுகளில் அது கழிவுத்தாள் ஏலத்துக்குப் போகும் வகையில்தான் சேரும்.

பள்ளிகளில் நிலைமை இன்னும் எளிது. சேர்க்கைப் பதிவேட்டைத் தலைமையாசிரியர் பீரோவில் பூட்டி வைப்பார், மாற்றுச் சான்றிதழுக்கு அது வேண்டும். சம்பளப் பதிவேட்டைத் தணிக்கைக்காகக் காப்பாற்றுவார்கள். உடற்கல்வி ஆசிரியரின் பதிவேடு, உடைந்த ஹர்டிலும் காற்றுப் போன வாலிபாலும் கிடக்கும் விளையாட்டுச் சாமான் அறையில் இருக்கும். அந்த அறையை வகுப்பறையாக்கும் நாளில் கரையான் தின்றது போக மிச்சம் பழைய பேப்பர் கடைக்குப் போகும். கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்குத் தீர்ந்துவிடும்.

மத்திய அரசு ஆவணங்களுக்கு 1993-ம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம் இருக்கிறது. விதிமீறி அழித்தால் ஐந்தாண்டு வரை சிறை என்றுகூட அதில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால், அது மாநில அரசு அலுவலகங்களுக்குப் பொருந்தாது. மகாராஷ்டிரம், கர்நாடகம் போன்ற மாநிலங்கள் தங்களுக்கெனத் தனிச்சட்டம் செய்துகொண்டன. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவோ, ஆவணங்களைப் பட்டியலிட்டு வைப்பது ஒவ்வொரு அரசு அலுவலகத்தின் கடமை என்கிறது. பட்டியல் இல்லாத ஆவணம் இருந்தும் இல்லாததுதான்.

எடைக் கணக்கிலிருந்து சோற்றுக்கு

‘பழைய ஓட்டக் கணக்கை வைத்து என்ன செய்யப் போகிறோம்?’ என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு மற்ற நாடுகளில் பதில் இருக்கிறது.

1899-ல் தொடங்கிய போயர் போருக்கு ஆள் சேர்த்தபோது, பிரிட்டனின் தொழில் நகரங்களிலிருந்து வந்த இளைஞர்களில் பெரும்பகுதியினர் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். குறிப்பாக மான்செஸ்டர் கணக்கு அந்நாட்டை உலுக்கியது. ராணுவ மருத்துவர்களின் அந்தப் பதிவுகளை வைத்து விவாதம் எழுந்து, 1904-ல் ஒரு குழு அறிக்கை தந்தது. உடற்பயிற்சி பற்றியும் அது பேசியது. ஆனால், நிலைத்து நின்ற பலன் வேறு: 1906-ல் பள்ளியில் உணவு அளிக்கச் சட்டம், 1907-ல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். இரண்டாம் உலகப்போரில் படைக்கு அழைக்கப்பட்டவர்களில் ஏராளமானோர் உடல்நலக் குறையால் கழிக்கப்பட்டார்கள். அந்தக் கணக்கு நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. 1946-ல் தேசியப் பள்ளி மதிய உணவுச் சட்டம் வந்தது. பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுவது நாட்டுப் பாதுகாப்பு நடவடிக்கை என்று அந்தச் சட்டமே சொல்கிறது.

ஆஸ்திரேலியா 1941-லும் கனடா 1943-லும் போர்க்காலத்தில் தேசிய உடல்தகுதிச் சட்டங்கள் இயற்றின. கனடா 1954-ல் அதை ரத்து செய்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் தேசிய உடல்தகுதி மன்றங்களின் ஆவணங்கள் காப்பகங்களிலும் நூலகங்களிலும் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. போருக்காகத் தொடங்கிய ஒன்று எப்படிப் பிள்ளைகளின் விடுமுறை முகாமாக மாறியது என்பதை இன்று ஒரு மாணவர் உட்கார்ந்து படிக்கலாம்.

நமக்கு இதில் பெருமைப்பட இடம் உண்டு. பிட்டி தியாகராயர் காலத்தில், 1920-ல், சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. காமராஜர் அதை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கினார். 2022-ல் காலை உணவும் சேர்ந்தது. உடற்கல்வியிலும் முன்னோடி நாம்தான். அமெரிக்காவிலிருந்து வந்த ஹாரி குரோ பக், 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துப் போனவரும் அவரே. உணவும் உடற்கல்வியும் ஒரே ஊரில் ஒரே ஆண்டில் தொடங்கியிருக்கின்றன. இரண்டும் சேர்ந்து ஒரு பிள்ளையின் உயரத்தையும் எடையையும் எப்படி மாற்றின என்று நூறாண்டுக் கணக்கு நம்மிடம் இருந்திருக்க வேண்டும். சாப்பிட்ட தலைகளின் எண்ணிக்கையைப் பத்திரப்படுத்தினோம். வளர்ந்த உடம்பின் கணக்கை விட்டுவிட்டோம்.

இன்று யார் பிழைப்பைப் பாதிக்கிறது?

எங்கள் வட்டாரத்தையே பார்ப்போம். ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் மத்திய ரிசர்வ் காவல் படை முகாமும் இருக்கின்றன. 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்ததைப் பார்த்த தலைமுறை இன்னும் இங்கே இருக்கிறது. சீருடை வேலைக்கு மரியாதை உள்ள வட்டாரம் இது. விடிகாலையில் காவலர் தேர்வுக்கும் ராணுவத் தேர்வுக்கும் ஓடிப் பழகும் பையன்களையும் பெண்களையும் வானகரம், அயனம்பாக்கம், திருவேற்காடு சாலைகளில் பார்க்கலாம். ஓடுவதற்கு மைதானம் இல்லை. பைபாஸ் லாரிகளுக்கும் மீன் சந்தைக்கு வரும் வண்டிகளுக்கும் ஒதுங்கி ஒதுங்கி ஓடுகிறார்கள். முகூர்த்த நாளில் கல்யாண மண்டபக் கார்கள் அந்த ஓரத்தையும் பிடித்துக்கொள்ளும்.

பள்ளிக்குள் போனால், பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் கடன் வாங்குவது இன்னும் நிற்கவில்லை. ‘வாங்காதீர்கள்’ என்று 2023-ல் விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலின் சட்டப்பேரவையிலேயே கேட்டுக்கொள்ளும் அளவுக்கு அது ஊரறிந்த விஷயம். 2012-ல் உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்வி ஆகியவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்க்கு நியமிக்கப்பட்டார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் போராடாத ஆண்டு இல்லை.

இதன் விலையைப் பெரியவர்களான பிறகு கொடுக்கிறோம். இந்தியாவில் பெரியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை என்று 2024-ல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வந்த ஆய்வு சொல்கிறது. 2000-ல் இது 22 சதவீதமாக இருந்தது. பெண்களில் 57 சதவீதம், ஆண்களில் 42 சதவீதம். கட்டாயமாக நிறுத்தப்பட்ட வரிசைகள் வாழ்நாள் பழக்கமாக மாறவில்லை என்பதை இந்த எண்களே காட்டுகின்றன.

மறுபடியும் அளக்கிறோம்

இப்போது கணக்கெடுப்பு செல்போனுக்கு வந்திருக்கிறது. கேலோ இந்தியா செயலியில் 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம், குனிந்து விரல் தொடுதல், தண்டால், பி.எம்.ஐ. என்று பள்ளிப் பிள்ளைகளின் உடல்தகுதியைப் பதிகிறார்கள். நம் ஆசிரியர்கள் எமிஸ் எனும் கல்வித் தகவல் தளத்தில் மாணவர் விவரங்களை ஏற்றி ஏற்றிச் சலித்திருக்கிறார்கள். 1960-ல் பேட்ஜ் கொடுத்த சோதனைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை.

காகிதமாவது கரையானுக்குத் தப்பினால் 60 ஆண்டு கிடக்கும். செயலி மாறினால், ஒப்பந்த நிறுவனம் மாறினால், ஒரே நாளில் தரவு போய்விடும். போகாமல் இருந்தால் வேறு ஆபத்து: ஒரு சிறுமியின் எடையும் நோய்க் குறிப்பும் யார் கைக்குப் போகும்? 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குழந்தைகளின் தரவுக்குக் கூடுதல் கவனம் கோருகிறது. ஆகவே, எதை வைப்பது, எதை அழிப்பது என்ற முடிவை இப்போதே எடுக்க வேண்டும். எழுத்தரின் இரண்டெழுத்துக்கு விட்டுவிடக் கூடாது.

செய்யக் கூடியவை

முதலாவது, பள்ளியில் எந்த ராணுவப் பாணிப் பயிற்சியையும் அறிவிக்கும் முன், 1963 முதல் 1968 வரையிலான கட்டாய என்.சி.சி. அனுபவம் குறித்து அரசு ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட வேண்டும். செலவு, பயிற்றுநர் எண்ணிக்கை, மருத்துவச் சோதனை முடிவு, எதிர்ப்பு, கைவிட்ட காரணம் ஆகிய ஐந்தும் அதில் இருந்தால் போதும். 20 ஆண்டு கடந்த தகவல்களுக்குப் பெரும்பாலான விதிவிலக்குகள் பொருந்தாது என்று தகவல் உரிமைச் சட்டமே சொல்கிறது. நாட்டுப் பாதுகாப்புக்கான விதிவிலக்கு அதற்குப் பிறகும் நீடிக்கிறது என்றாலும், அணிவகுப்புக் கணக்கைப் ‘பாதுகாப்பு ரகசியம்’ என்று சொல்வது எளிதல்ல.

இரண்டாவது, எழும்பூர் ஆவணக் காப்பகம் தன்னிடமுள்ள உடற்கல்வி, மாணவர் படை, தேசிய உடல்தகுதிப் படை தொடர்பான அரசாணைகளுக்குத் தனிப் பொருட்பட்டியல் தயாரிக்க வேண்டும். தமிழ் இணையக் கல்விக் கழகத்துக்குப் பல்லாயிரம் நூல்களை மின்னாக்கிய அனுபவம் உள்ளது. இந்த வேலையை அதனிடம் தரலாம்.

மூன்றாவது, அரசுப் பள்ளிகளுக்கும் உதவிபெறும் பள்ளி, கல்லூரிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை: 1975-க்கு முந்தைய எந்தப் பதிவேட்டையும் ஆவணக் காப்பக அலுவலர் பார்க்காமல் கழிக்கக் கூடாது. இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. மாநிலத்துக்கெனப் பொது ஆவணச் சட்டம் வந்தால் இந்தச் சுற்றறிக்கைக்குப் பல் முளைக்கும்.

நான்காவது, 1963-ல் 18 வயதில் வரிசையில் நின்றவர்களுக்கு இப்போது 80 வயதாவது இருக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டிலும் ஆவடித் தொழிற்சாலையிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களில் அப்படிப் பலர் இருப்பார்கள். பூந்தமல்லி முதல் அம்பத்தூர் வரை உள்ள கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஒரு கோடை விடுமுறையில் அவர்களைப் பேட்டி கண்டு ஒலிப்பதிவு செய்யலாம். தள்ளிப்போட முடியாத வேலை இது ஒன்றுதான்.

ஐந்தாவது, இன்று எடுக்கப்படும் உடல்தகுதித் தரவில், பெயர் நீக்கிய பள்ளிவாரித் தொகுப்பை நிரந்தர ஆவணமாக அறிவிக்க வேண்டும். தனிப் பிள்ளையின் விவரத்தைப் பெற்றோரிடம் கொடுத்துவிட்டு, பள்ளிப் படிப்பு முடிந்ததும் அழிக்க வேண்டும்.

ஆறாவது, இவை நடக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்று. மைதானம், முழுநேர உடற்கல்வி ஆசிரியர், கடன் போகாத பி.டி. பீரியட். எங்கள் வட்டாரத்தில் ஏரிக்கரைகளில் நடைபாதை போடும்போது பிள்ளைகள் ஓட ஒரு தடமும் சேர்த்துப் போடலாம். மாலையிலும் விடுமுறையிலும் பள்ளி மைதானங்களின் கேட்டைத் திறந்துவிடலாம்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டியில் தாத்தாவின் என்.சி.சி. சான்றிதழோ, முகாம் புகைப்படமோ, நட்சத்திரப் பேட்ஜோ இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அவர் படித்த கல்லூரிக்கு அதன் நகலையாவது கொடுங்கள். உங்கள் பிள்ளையின் பள்ளியில் அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டம் நடக்கும்போது இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: இந்த வாரம் எத்தனை பி.டி. பீரியட் உண்மையில் நடந்தது? அதற்குப் பதிவேடு எங்கே?